விஜயதசமியன்று நிறுத்திய மெஷின்

உங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே கூப்பிட்டிருக்கிறார். ஆகவே உங்களுக்குக் கால் வலித்தால் திட்ட வேண்டியது அவரைத்தான்.

வந்ததும் உங்கள் புது மெஷினின் கண்ணாடிக் கதவருகே நின்று, அது உலோகத்தை வெட்டும் டூலை மாற்றுவதைப் பார்த்தேன். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கட்டளை வந்ததும், சங்கிலியில் வரிசையாகத் தொங்கும் டூல்களில் வேண்டியது நகர்ந்து வாசலுக்கு வந்து காத்திருக்கிறது. டூலைப் பிடித்துச் சுழன்றுகொண்டிருக்கும் ஸ்பிண்டில் ஓய்ந்து, எப்போதும் நிற்கும் அதே கோணத்தில் நிற்கிறது. இரண்டு பக்கமும் பிடியுள்ள ஒரு கரம் குறுக்கே வந்து, ஒரு பிடியால் பழைய டூலையும் மறு பிடியால் புதிய டூலையும் பிடிக்கிறது. உள்ளே ஸ்பிரிங்கின் பலத்தோடு இழுத்துப் பிடித்திருந்த கொக்கி தளர்கிறது. கரம் இரண்டையும் உருவி, அரைச் சுற்றுச் சுற்றி, இடம் மாற்றிச் செருகுகிறது. கொக்கி மறுபடியும் இழுத்துக்கொள்கிறது. நீங்கள் ஒரு தும்மல் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

பக்கத்தில் நின்ற பையன்களிடம், இதில் எது ரொம்ப முக்கியம் என்று கேட்டேன். ஒருவன் கரம் என்றான். இன்னொருவன் புரோகிராம் என்றான். கண்ணாடி போட்டவன் ஒருவன் சென்ஸார் என்றான். டூல் உள்ளே போகும் நேரத்தில் ஸ்பிண்டில் வழியாக 'புஸ்' என்று காற்று ஊதுகிறதே, அதை ஒருத்தரும் சொல்லவில்லை. அது எதற்கு என்று கேட்டதற்கு, தூசி போவதற்கு என்றார்கள். சரியான பதில்தான், பரீட்சையில் மார்க் வாங்கலாம். தூசி போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்கிறேன். அதனால் ஒரு நல்ல மெஷினும் நானும் சேர்ந்து வேலையை இழக்க இருந்தோம்.

எனக்குச் சொந்த ஊர் குடியாத்தம். வீட்டில் எல்லோரும் கைத்தறி லுங்கி நெய்கிறவர்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே துணியைவிடத் தறியின் மரக்கட்டைகள் மேல்தான் பிரியம். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆன சமயத்தில், வாலாஜாபேட்டையில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா தடுக்கவில்லை. அங்கே ஒத்துவரவில்லை என்றால் தறி காலியாகத்தான் கிடக்கும், வந்து உட்கார்ந்துகொள் என்று மட்டும் சொன்னார். அவர் ஆறுதலுக்குச் சொன்னது எனக்கு மிரட்டலாகக் காதில் விழுந்தது.

அந்தப் பட்டறை, சுற்று வட்டாரத்துத் தோல் பதனிடும் டேனரிகளுக்கு வேண்டிய சாமான்கள் செய்யும் இடம். முதலாளிக்குக் கோபமும் பக்தியும் சம அளவில் உண்டு. காலையில் விநாயகருக்குத் தோப்புக்கரணம் போட்ட கையோடு எங்களில் யாரையாவது தோப்புக்கரணம் போடச் சொல்வார். அவர் ஒருநாள் மதராஸ் ஏலத்தில், யுத்தத்துக்காக வந்து யுத்தம் முடிந்ததும் கேட்பாரற்றுக் கிடந்த கேப்ஸ்டன் லேத் என்ற ஒரு கடைசல் மெஷினை எடுத்து வந்துவிட்டார். உங்கள் மெஷினுக்கு அதைத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரண லேத்தில் ஒரு டூலால் வெட்டி முடித்ததும், அதைக் கழற்றி, அடுத்ததை மாட்டி, அளவு வைத்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒரு போல்ட் செய்ய ஒரு டீ ஆறிவிடும். இந்த மெஷினில் ஆறு முகமுள்ள ஒரு தலை இருந்தது. முகத்துக்கு ஒரு டூல் மாட்டிவைக்கலாம். கைச்சக்கரத்தைத் தள்ளினால் எதிரே இருக்கும் டூல் முன்னேறி வெட்டும். வைத்த தடையில் இடித்ததும் நிற்கும். பின்னால் இழுத்தால் தலை தானே பூட்டைத் திறந்து, ஒரு முகம் திரும்பி, 'டக்' என்று மறுபடி பூட்டிக்கொள்ளும். அடுத்த டூல் தயாராக நிற்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டம் போட்ட லுங்கி நெய்யும்போது நிறத்துக்கு நிறம் ஊடைநூல் ஓட்டும் நாடாவை மாற்றி மாற்றி என் அக்காவுக்குக் கை ஓய்ந்துபோகும். இங்கே ஒரு இரும்புத் தலை அந்த வேலையைச் சலிக்காமல் செய்துகொண்டிருந்தது. அன்றே நான் அந்த மெஷினுக்கு அடிமை.

பட்டறையின் மூத்த ஆள் துரைசாமி மேஸ்திரி. பெரிய லேத் அவருடையது. மற்றவர்கள் அதன் பக்கத்தில் நின்றால்கூட முறைப்பார். கேப்ஸ்டனை அவருக்குப் பிடிக்கவே இல்லை. "கண்ணு இல்லாத மெஷின்டா இது. டூலைப் பாத்துப் பாத்து மாட்டறது மனுஷன். இது இன்னாத்தப் பாக்கும்?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். என் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை. எனக்குப் பெயர் குடியாத்தம்.

அவர் எரிச்சலில் சொன்னாலும் அதில் உண்மை இருந்தது. டூல் மாற்றும் மெஷின் எதுவும் டூலைப் பார்ப்பதில்லை, நம்புகிறது. இந்த இடத்தில் இந்த டூல் இருக்கிறது, அதன் நீளம் இவ்வளவு, நேற்று எப்படி உட்கார்ந்ததோ அப்படியே இன்றும் உட்காரும் என்று நாம் சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு பாய்கிறது. உங்கள் மெஷினில் இருக்கும் கம்ப்யூட்டரும் நம்புகிற ஜாதிதான். நம்பினவனை ஏமாற்றாமல் இருப்பது நம் வேலை.

மெஷின் வந்து வெகு நாள் அதற்கேற்ற ஆர்டர் வரவில்லை. பட்டறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு அது சும்மா நின்றது. முதலாளிக்கு அலுத்துவிட்டது. மதராஸிலிருந்து பழைய மெஷின் வாங்கி விற்கும் புரோக்கர் ஒருவர் அடிக்கடி வந்து விலை கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ஆம்பூரில் ஒரு டேனரியிலிருந்து பித்தளை போல்ட்டுகளுக்கு ஆர்டர் வந்தது.

எதற்குப் பித்தளை என்று கேட்பீர்கள். தோலை மரப்பட்டைச் சாறோடு போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம்களைப் பார்த்திருப்பீர்கள். பட்டைச் சாறு பட்ட தோலில் இரும்பு உரசினால் கறுப்புக் கறை விழும். அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது. ஆகவே டிரம்மின் பலகைகளை இறுக்க இரும்பு போல்ட் கூடாது. போல்ட்டின் மேல் வெட்டும் திருகு மறை எவ்வளவு தூரம் ஓட வேண்டுமோ அவ்வளவு தூரம் ஓட வேண்டும். குறைந்தால் நட்டு பாதியிலேயே நின்றுவிடும், பலகை இறுகாது, டிரம் ஒழுகும். ஒன்றிரண்டு என்றால் மேஸ்திரி கையால் செய்துவிடுவார். இவர்கள் கேட்டதோ கூடை கூடையாக.

முதலாளி என்னைக் கூப்பிட்டுத் தீர்மானமாகச் சொன்னார். "ஆம்பூர் ஆர்டர் ஒழுங்காப் போச்சுன்னா மெஷின் இருக்கும். இல்லன்னா புரோக்கர் லாரியோட வர்றான். மெஷினும் போவட்டும், அதைக் கட்டிக்கிட்டு அழற நீயும் ஊருக்குப் போ."

பித்தளைக் கம்பி வந்து சேர்ந்தபோது ஆயுத பூஜை வந்துவிட்டது. பூஜைக்கு முதல் நாளே தலையிலிருந்த டூல்களையெல்லாம் கழற்றித் துடைத்து, மற்ற சாமான்களோடு பலகையில் அடுக்கினோம். பட்டறை முழுக்கச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, பொரி. எந்தப் பட்டறையிலும் அன்றைக்குச் சுத்தியல்கூட மாப்பிள்ளை போலத்தான் இருக்கும். பொட்டு வைப்பது முதலாளியின் உரிமை. மோட்டார், கதவு, அரம், ஸ்பானர், எங்கள் நெற்றி என்று எதையும் விடாமல் வைத்துக்கொண்டு போனார். எதில் எங்கே வைத்தார் என்று யார் பார்த்துக்கொண்டிருந்தது? எங்கள் கண்ணெல்லாம் சுண்டல் மேல்.

மறுநாள் விஜயதசமி. அன்று தொட்டது துலங்கும் என்பது உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு ஓட்ட ஆரம்பித்த மெஷின் நடுவில் நிற்கக் கூடாது, நின்றால் வருஷம் முழுக்க நிற்கும் என்பது எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அசையாத நம்பிக்கை. ஆம்பூர் டேனரி மேனேஜர் பாய் அன்று காலை முதல் பஸ்ஸிலேயே வருவதாகச் சொல்லியிருந்தார். அவரை அழைத்துவர என்னை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டு, நல்ல நேரம் தவறக் கூடாது என்று முதலாளியே தன் கையால் டூல்களை ஒவ்வொன்றாகத் தலையில் செருகினார். மேஸ்திரி ஸ்பானர் போட்டு இறுக்கினார். நான் பாயோடு திரும்பி வந்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

பாய்க்கு அவசரம். கார்பெண்டர்கள் புது டிரம்களைக் கூட்டிவைத்துவிட்டுப் போல்ட்டுக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த டிரம்களுக்குப் போக வேண்டிய தோல்கள் சுண்ணாம்புக் குழியில் கிடக்கின்றன. "சுண்ணாம்புல கெடக்கற தோலு யாருக்கும் காத்திருக்காது தம்பி. கெடுவுக்கு மேல ஒரு நாள் ஜாஸ்தியாச்சுன்னா கூழாப் போய்டும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். முடிகிற போல்ட்டுகளை அன்றே கையோடு எடுத்துப்போக ஒரு வாடகை வண்டியும் பேசி வைத்திருந்தார்.

நான் தடைகளை வைத்து, அளவு பார்த்து, ஓட்ட ஆரம்பித்தேன். முதல் போல்ட் தங்கம் மாதிரி வந்தது. இரண்டாவதும் அப்படியே. பாய் ஒன்றை எடுத்து நட்டை ஓட்டிப் பார்த்து, மாஷா அல்லாஹ் என்றார். முதலாளி மீசையைத் தடவினார். பெட்டியில் போல்ட்டுகள் குவிய ஆரம்பித்தன. தலை 'டக் டக்' என்று திரும்பும் சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, வழக்கமாகப் பார்ப்பது போல ஒரு போல்ட்டில் நட்டை ஓட்டினேன். ஓடவேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. கை சுத்தமில்லையோ என்று இன்னொன்றை எடுத்தேன். அதுவும் நின்றது. அடுத்ததில் மயிரிழை நகக்கண் ஆனது.

முதலாளி பார்த்துவிட்டார். கம்பி சரியில்லை என்று சப்ளை செய்தவனைத் திட்டினார். மேஸ்திரி கம்பியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்து, தானே வந்து அந்த டூலின் தடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவைத்தார். அடுத்த சில போல்ட்டுகள் சரியாக வந்தன. எல்லோரும் மூச்சு விட்டோம். மறுபடி குறைந்தது. மறுபடி தள்ளினார். இப்போது முதல் டூல் சரியானது, அடுத்த முகத்து டூல் பின்வாங்கியது. அதைப் பிடித்தால் இது ஓடியது.

பிள்ளைகளே, உங்கள் மெஷினில் இதே வேலையை நீங்கள் விரலால் செய்கிறீர்கள். அளவு குறைந்தால், அளவு திருத்தும் ஆஃப்செட்டில் கொஞ்சம் கூட்டுகிறீர்கள். மறுபடி குறைந்தால் மறுபடி கூட்டுகிறீர்கள். பொத்தான் தட்டுவது சுலபமாக இருப்பதால் ஏன் குறைந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. அன்றைக்கு அந்தத் தலையின் முன் நின்று நான் கேட்டுக்கொண்டது அதைத்தான். பூட்டு தளர்ந்திருந்தால் அளவு இப்படியும் அப்படியும் ஆட வேண்டும். இங்கே எல்லாம் குறைந்தன, ஒன்றுகூடக் கூடவில்லை. ஒரே பக்கமாக ஓடுகிற கோளாறு என்றால் ஏதோ ஒன்று தேய்கிறது, இல்லை கரைகிறது. டூல் முனையைப் பார்த்தேன். பூஜைக்கு முன் சாணை பிடித்த முனை, அப்படியே இருந்தது. ஆகவே டூலின் முன்பக்கம் எதுவும் இல்லை. பின்பக்கம், அது உட்காரும் இடத்தில், என்னமோ நடக்கிறது. என்னவென்று தெரியவில்லை. பார்க்க வேண்டுமென்றால் மெஷினை நிறுத்த வேண்டும்.

அதுவோ விஜயதசமி. முதலாளி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "நிறுத்தாத. இன்னிக்கு நிக்கக் கூடாது. தட்டித் தட்டி ஓட்டு" என்றார். பாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேஸ்திரி என்னைப் பார்த்து, புரோக்கர் லாரி வாசலில் நிற்பது போலச் சிரித்தார். எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது என் அப்பாதான். தறியில் நூல் அறுந்ததைப் பார்த்தும் நிறுத்தாமல் நெய்கிறவனைப் பற்றி அவர் சொல்வார்: அவன் துணி நெய்யவில்லை, ஓட்டை நெய்கிறான் என்று. நான் மோட்டாரை நிறுத்தினேன்.

முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் குறையான போல்ட் ஒன்றை அவர் முன் நீட்டிச் சொன்னேன். "மொதலாளி, அளவு ஒரே பக்கமா ஓடுது. இன்னா காரணம்னு தெரியாம அது பின்னாலயே நாமளும் ஓடுனா சாயங்காலம் வரைக்கும் ஓடலாம், நல்ல போல்ட்டு ஒண்ணு தேறாது. டூலைக் கழட்டிப் பாக்கணும். பழி வந்தா என் தலையில போடுங்க."

அவர் பதில் சொல்வதற்குள் பாய் எழுந்து மெஷினருகே வந்தார். டேனரிக்காரனுக்கு மூக்கு கிடையாது என்று எங்கள் பக்கம் கேலி செய்வார்கள். தினமும் அந்த நாற்றத்தில் நிற்கிறவர்களுக்கு மூக்கு செத்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவர் குனிந்து, அந்த ஆறுமுகத் தலைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் முகர்ந்தார்.

"தம்பி, இதுக்குள்ளேந்து சந்தன வாசனை வருது."

மேஸ்திரி சிரித்தார். நேற்றுத்தான் பூஜை, பட்டறை பூரா சந்தனம்தான் மணக்கும் என்றார். பாய் தலையை ஆட்டினார். அது காய்ந்த சந்தனம், இது சூடு பட்டு, சோப்புத் தண்ணியில் ஊறின சந்தனம், இந்தத் தலையிலிருந்துதான் வருகிறது என்றார். எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று முதலாளி கேட்டதற்கு, "நாத்தத்துல நிக்கறவனுக்குத்தான் நல்ல வாசனை சீக்கிரம் தெரியும்" என்றார். எங்கள் ஊர்க் கேலி அன்றோடு எனக்குச் செத்துப்போனது.

நான் ஸ்பானர் போட்டு முதல் டூலை உருவினேன். டூலின் பின்னால், தலையின் முகத்தோடு ஒட்டி உட்காரும் வட்டமான தட்டு ஒன்று இருக்கும். மழமழவென்று, பளபளவென்று, நெற்றி போல இருக்கும். பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் அந்த டூலில் கிடையாது. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். காய்ந்து கெட்டியான அந்தப் பொட்டின் மேல்தான் டூல் உட்கார்ந்திருந்தது. அந்த நிலையில்தான் நான் அளவு வைத்திருக்கிறேன். வெட்டும்போது சூடு தணிய மேலே ஊற்றிய சோப்புத் தண்ணீர் கசிந்து உள்ளே இறங்கி, பொட்டு இளகி, ஒவ்வொரு தள்ளுக்கும் கொஞ்சம் பிதுங்கி, டூல் பின்னால் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. டூலுக்கு டூல் பொட்டின் கனம் வேறு. ஆகவே ஒவ்வொன்றும் அதனதன் இஷ்டத்துக்கு ஓடியிருக்கிறது.

இப்போது எனக்கு வேறு பயம் வந்தது. காரணம் கிடைத்துவிட்டது, அதை எப்படிச் சொல்வது? வைத்தவர் முதலாளி. வந்திருப்பவர் ஆர்டர் கொடுத்தவர். நாள் விஜயதசமி. முதலாளியைக் கொஞ்சம் இப்படி வாருங்கள் என்று பக்கத்தில் அழைத்து, அந்தத் தட்டு அவர் பக்கம் தெரியும்படி டூலை அவர் கையில் கொடுத்தேன். அவர் கட்டை விரலால் தேய்த்தார். விரலில் ஈரச் சந்தனம் ஒட்டியது. அடி விழும் என்றே நினைத்தேன்.

அவர் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "பாய், மெஷின் மேல தப்பில்ல. பையன் மேலயும் இல்ல. பொட்டு வச்சது நானு."

கோபக்காரர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பாயும் பெரிய மனுஷர். எங்கள் டேனரியில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறோம், சுவரில் கரி பிடிக்கிறது, அதற்காகச் சாம்பிராணி மேல் குற்றம் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டு, ஆக வேண்டியதைப் பாருங்கள் என்றார்.

ஆக வேண்டியதிலும் ஒரு சிக்கல். பூஜைப் பொட்டை விஜயதசமியன்று யார் அழிப்பது? மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எனக்கும் துணிவில்லை. முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "சாமிக்குச் சந்தனக் காப்பு சாத்தறோம். அப்புறம் கழுவி அபிஷேகம் பண்றதில்லையா? அதுவும் பூஜைதான். மண்ணெண்ணெய் எடுத்துட்டு வா" என்றார். ஒவ்வொரு டூலாக அவர் கழுவ, நான் வெள்ளைத் துணியால் துடைத்து, தலையின் ஆறு முகத்தையும் அவை உட்காரும் துளைகளையும் சுத்தம் செய்து, விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்துச் செருகினேன். உலோகத்தில் உலோகம் உட்கார்ந்தால் ஒரு தனிச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கும்வரை நான் இறுக்கவில்லை. உங்கள் மெஷின் 'புஸ்' என்று ஊதும்போதெல்லாம் நான் பார்ப்பது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதரைத்தான்.

அளவுகளைப் புதிதாக வைத்தோம். முதலாளி இன்னொரு தேங்காயை உடைத்தார். ஓட்ட ஆரம்பித்தேன். நட்டு கடைசிவரை ஓடியது. அடுத்ததிலும் ஓடியது. பெட்டி நிறைந்த பிறகும் ஓடியது. தடையை ஒருவரும் தொடவில்லை. இதற்கிடையே யாரும் சொல்லாமலே துரைசாமி மேஸ்திரி, குறையாகிப்போன போல்ட்டுகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு தன் லேத்துக்குப் போய், ஒவ்வொன்றாக மறையை நீட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்தபோது, "இன்னாடா பாக்கறே குடியாத்தம்? உன் வேலையைப் பாரு" என்றார். பொழுது சாயும் முன் பாயின் வண்டி முதல் லோடோடு ஆம்பூருக்குப் புறப்பட்டது.

மிச்ச போல்ட்டுகளும் போய்ச் சேர்ந்து, டிரம்களுக்குத் தண்ணீர் விட்டுச் சோதிக்கும் நாளில் முதலாளி என்னையும் ஆம்பூருக்கு அழைத்துப்போனார். கார்பெண்டர்கள் கடைசி நட்டை இறுக்கி விலகினார்கள். டிரம்மில் தண்ணீரை நிரப்பிச் சுற்றவிட்டார்கள். புது மரம் முனகியது. பாய் தரையில் ஒரு கோணிச்சாக்கை விரித்து, அதில் ஈரம் படுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் சுற்றியது. நிறுத்திவிட்டுச் சாக்கை எடுத்து உதறினார்; தூசிதான் பறந்தது. குழியிலிருந்த தோல்களை அப்போதே கரையேற்றச் சொன்னார். ஒரு தோல்கூடக் கெடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெருமையில் வந்த அழுகையை மறைப்பானேன்? எல்லோர் முன்னாலும் அழுதேன். பாய் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். அந்தத் தட்டலில் சுண்ணாம்பும் பட்டையும் தோலும் எல்லாம் மணந்தன, எனக்கு அத்தர் போல இருந்தது.

உங்களுக்கு நான் சொல்லவருவது சின்ன விஷயம். டூலை மாற்றுவது மெஷினின் வேலை; எத்தனை வேகமாகவும் மாற்றட்டும். டூல் உட்காரும் இடத்தைச் சுத்தமாக வைப்பதும், கோளாறு வந்தால் காரணம் தெரியாமல் அளவைத் துரத்தாமல் இருப்பதும், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துவதும் உங்கள் வேலை. நிறுத்தும்போது பயமாக இருக்கும். எனக்கும் இருந்தது. பயந்துகொண்டே நிறுத்துங்கள். ஆயுத பூஜையன்று பொட்டை மெஷின் கதவில் தாராளமாக வையுங்கள், டூலின் பின்பக்கம் மட்டும் வேண்டாம்.

ஆம்பூரிலிருந்து நாங்கள் திரும்பியபோது பட்டறை வாசலில் லாரி நின்றது. மதராஸ் புரோக்கர் கயிறு, உருளைக்கட்டை, ஆட்கள் எல்லாவற்றோடும் வந்து, கேப்ஸ்டன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் பேசினபடி மெஷினை ஏற்றிவிடலாமா என்று கேட்டார். முதலாளி மெதுவாக நடந்துபோய், அந்த ஆறுமுகத் தலையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"லாரிய சும்மா எடுத்துக்கிட்டு வந்துட்டியே. காலியாப் போவாத. மதராஸ்ல தேடு. இதுக்கு ஜோடி ஒண்ணு கெடச்சா, அதை ஏத்திக்கிட்டு வா."